கிளைடர் இறக்கை மாட்டுதல்

எஞ்சின் இல்லாத கிளைடரை டிரெய்லரில் கொண்டுவந்து, ஓடுதளத்தருகே இறக்கைகளை உடற்பகுதியில் பூட்டுவதும் பறந்து முடித்தபின் கழற்றுவதும் இப்பணியில் அடங்கும். நான்கு பேர் இருந்தால் சுலபம். இருவர் மட்டும் இருக்கும்போதுதான் முறை தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் வடிவமைத்த கிளைடர்கள் நட்சத்திர வரிசையிலேயே பெயர் பெற்றன: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர்ஷம், ஆர்த்ரா (நம் திருவாதிரை). எஸ். ராமாமிர்தம் வடிவமைத்து 1961இல் முதலில் பறந்த ரோகிணி, இருவர் அருகருகே அமரும் மரக் கிளைடர்; இறக்கை வீச்சு சுமார் 16.5 மீட்டர். ஜெர்மனியின் நிம்பஸ்-2க்கு 20.3 மீட்டர்; அதன் இறக்கையை நான்கு துண்டாகக் கழற்றலாம்.

இவ்வளவு நீளமான இறக்கையின் கனத்தில் பெரும்பகுதி அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே எடைமையம் நடுவில் இல்லை, அடியை ஒட்டி உள்ளே தள்ளியிருக்கும். அந்த இடத்தில் சக்கரம் வைத்த தாங்கியைக் கொடுத்துவிட்டால் இறக்கை வெள்ளிக்கோல் போலச் சமன்பட்டு நிற்கும். நுனியைப் பிடித்திருப்பவர் கையில் பாரமே இராது. ஆனால் வேலை அவர் கையில்தான் இருக்கிறது: நுனியைச் சற்று உயர்த்தினால் அடி தாழும், தாழ்த்தினால் அடி உயரும். இப்படி ஸ்பார் எனப்படும் இறக்கையின் உள் உத்தரத்தின் முனையை உடற்பகுதிக்குள் செலுத்தி, துளைகள் நேர்ப்பட்டதும் மற்றவர் முதன்மை ஊசியைச் செருகுவார். ஊசி இறுகினால் சுத்தியலை எடுக்கவே கூடாது. நுனியைத்தான் சரிசெய்ய வேண்டும். கழற்றும்போதும் இதேதான். பாரம் ஊசிமேல் இருக்கும்வரை அது வராது. ஒரு இறக்கை வெளியே வந்ததும் மறுபக்கம் சாயும் என்பதால் உடற்பகுதியையும் மாட்டியுள்ள இறக்கையையும் முன்பே முட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

காற்று பலமாக இருந்தால் இந்த வேலை ஆபத்தானது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று அடிக்கும் உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றாலை இறக்கையைத் தூக்கும்போது அது திரும்பாமல் கயிறு கட்டிப் பிடிப்பதும், காற்று தணியக் காத்திருப்பதும் அங்கே கண்கூடு.

பல புதிய கிளைடர்களில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தாமாகவே இணைந்துகொள்ளும். பழையவற்றில் ஒவ்வொன்றையும் கையால் மாட்டிப் பூட்டூசி போட வேண்டும். வால் இணைப்பு விட்டுப்போனதால் உயிர்கள் பலியாகியிருக்கின்றன. எனவே எத்தனை அவசரமானாலும் ஒரு சோதனையைத் தவிர்க்கலாகாது: ஒருவர் வெளியே நின்று எய்லரானையும் (இறக்கையின் அசையும் தகடு) வால்தகட்டையும் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து ஸ்டிக் எனும் கட்டுப்பாட்டுக் கோலைத் தள்ளிப் பார்க்க வேண்டும். தகடு அசைவதைக் கண்ணால் பார்த்தது போதாது. பிடித்த கையில் எதிர்விசை தெரிய வேண்டும்.