அழைப்பு அறுந்தது எங்கே? பரந்த பரப்பு வலையமைப்பு ஓர் அறிமுகம்

ரொறன்ரோவில் இருக்கும் மகனோடு பேசும்போது வட்ஸ்அப் அழைப்பு அறுந்தால் பெரும்பாலானோர் கைத்தொலைபேசியைத்தான் திட்டுகிறார்கள். அறுந்தது வீட்டிலா, பக்கத்துக் கோபுரத்திலா, கொழும்பிலா, கடலுக்கு அடியிலா என்று கேட்பவர் குறைவு. பல நாடுகளில் சிதறிப்போன குடும்பங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது.

வீட்டு ரவுட்டரோடு இரண்டு தொலைபேசிகளும் ஒரு கணினியும் இணைந்திருந்தால் அது இடத்துரி வலையமைப்பு. சுருக்கமாக 'லான்' என்பார்கள். முற்றத்துக்குள் நடப்பதைப் போன்றது அது. பெட்டியும் வயரும் உங்களுடையவை. படலையைத் தாண்டி ஊர்களையும் நாடுகளையும் இணைப்பது பரந்த பரப்பு வலையமைப்பு, அதாவது 'வான்'. அந்தப் பாதை ஸ்ரீலங்கா டெலிகொம், டயலொக் போன்ற நிறுவனங்களின் கையில் இருக்கிறது. நாங்கள் மாதாமாதம் கட்டணம் கட்டிப் பயணிக்கிறோம். தூரத்தை விட இந்த வேறுபாடுதான் முக்கியம் என்பேன். வங்கியின் கிளிநொச்சிக் கிளையும் கொழும்புத் தலைமையகமும் ஒரே கணக்கைப் பார்ப்பது இப்படியான வலையமைப்பு ஒன்றினால்தான். இவை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்ததே இணையம்.

நீங்கள் அனுப்பும் படம் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொதிகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் சேருமிட முகவரி எழுதப்பட்டுப் புறப்படுகிறது. வழியில் உள்ள ரவுட்டர்கள் முகவரியைப் பார்த்து அடுத்த சந்திக்குத் தள்ளிவிடுகின்றன. ஒரு பாதை அடைபட்டால் பொதிகள் வேறு பாதையால் போகலாம். இணையமே அணுகுண்டுக்குத் தப்புவதற்காகக் கட்டப்பட்டது என்று சொல்வதுண்டு. அது சரியல்ல, 1969இல் தொடங்கிய ஆர்பாநெட், ஆய்வாளர்கள் தூரத்துக் கணினிகளைப் பகிர்ந்துகொள்ள அமைத்தது. ஆனால் பொதிகளாக உடைத்துப் பல வழிகளில் அனுப்பலாம் என்று 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான போல் பரன் எழுதியது, போர்க்காலத்திலும் தொடர்பு அறாதிருக்க வேண்டும் என்பதற்காகவே.

மாற்றுப் பாதை இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் கப்பலை எதிர்பார்த்து நின்றதை நேரில் பட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வலையமைப்பிலும் அப்படித்தான். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டுக் கடலடி வடத்தை அறுத்தது. நாட்டின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் பெருமளவுக்கு முடங்கின. அதன் பின்னர் வடங்கள் கூடின. 2006இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே ஒன்று வந்தது. சீ-மீ-வீ 5 மாத்தறையில் கரையேறுகிறது. எல்லாம் தெற்கில்தான் என்பதைக் கவனியுங்கள். பருத்தித்துறைக்கு எதிரே இந்தியக் கரை கிட்டத்தில் இருந்தாலும், அங்கிருந்து சென்னைக்குப் போகும் செய்தி முதலில் தெற்கே இறங்கித்தான் கடலைக் கடக்கிறது. பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் வட்ஸ்அப் செய்திகூட வெளிநாட்டுக் கணினி ஒன்றைத் தொட்டுத்தான் திரும்புகிறது.

இனி, தடங்கல் எங்கே என்று கண்டுபிடிப்பது. வைஃபை அடையாளம் முழுதாக நின்றால் முற்றம் சரி என்று மட்டுமே பொருள். படலைக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. எதுவுமே திறக்காவிட்டால், வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் அயலவரைக் கேளுங்கள். அவருக்கு வேலை செய்தால் கோளாறு உங்கள் ரவுட்டரில் அல்லது உங்கள் நிறுவனத்தின் பக்கம். உள்நாட்டு வங்கித் தளம் திறந்து, வெளிநாட்டுத் தளங்கள் எல்லாம் இழுபட்டால் கடல்வழியில் சிக்கல் இருக்கலாம்.

பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் மட்டும் நின்று மற்றத் தளங்கள் வழமைபோல் திறந்தால் அது அறுந்ததல்ல, மறிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும் நடந்தது இதுதான். வீதி திறந்திருக்கும், சோதனைச்சாவடியில் குறிப்பிட்ட முகவரிக்குப் போகும் பொதிகளை விடமாட்டார்கள். அப்போது பலர் வீபீஎன் செயலிகளை இறக்கினார்கள். அவை பொதியை வேறொரு உறைக்குள் போட்டு அனுப்புகின்றன. ஆனால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை இப்போது அந்தச் செயலிக்காரர் பார்க்கலாம். யாரென்றே தெரியாத இலவசச் செயலியை நான் பரிந்துரைக்கமாட்டேன். இப்படி மறிக்கும்போது சாதாரண தொலைபேசி அழைப்பு வேலை செய்யக்கூடும். வெளிநாட்டில் உள்ள உறவினரின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பது நல்லது. இருந்தாலும் இரண்டின் அலைவாங்கிகளும் ஒரே கோபுரத்தில் இருந்தால், மின்சாரம் போய் பற்றரி தீர்ந்ததும் இரண்டும் ஒன்றாகவே போகும். காணாமல் ஆக்கப்பட்டவரின் படங்கள், முறைப்பாட்டுப் பிரதிகள், காணி உறுதி ஆகியவற்றைக் கூகுள் டிரைவில் மட்டும் ஏற்றியிருப்பவர்கள் ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுத்து வையுங்கள். டிரைவ் இருப்பது படலைக்கு வெளியே, மிகத் தொலைவில்.