புனைபெயர்களால் ஆன ஒரு பாட்டு

ராக் குழுக்களில் பெயரை மாற்றிக்கொள்வது பழைய பழக்கம். 1974-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'ரமோன்ஸ்' குழுவில் ஜோயி ரமோன், ஜானி ரமோன், டீ டீ ரமோன், டாமி ரமோன் என்று நாலு பேர். அண்ணன் தம்பிகள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! ஒருவருக்கொருவர் உறவே கிடையாது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1960-ல் கொஞ்ச நாள் வைத்திருந்த 'பால் ரமோன்' என்ற பெயரிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் அந்த ரமோன்.

சரி, தமிழில் இப்படி ஒரு குழு உண்டா? உண்டு. ஆனால் ராக் இல்லை, ராப். ஊரும் இங்கே இல்லை, மலேசியா.

1990களில் அங்கே 'பொயட்டிக் அம்மோ' என்று ஒரு குழு இருந்தது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி. லோகோ... எல்லாமே மேடைப் பெயர்கள்தான். 1998-ல் வந்த இவர்களின் முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று நாலு மொழியிலும் பாட்டு உண்டு. பிறகு யோகி பி (சொந்தப் பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம்) டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் சேர்ந்து 'யோகி பி & நட்சத்ரா'வாக 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதில்தான் நம்மையெல்லாம் ஆட வைத்த 'மடை திறந்து' இருக்கிறது. அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி குரல் கேட்டது.

'மடை திறந்து'வின் மூலப்பாட்டு 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தில் எஸ்.பி.பி. பாடியது. இதில்தான் வேடிக்கை. இசையமைத்த இளையராஜாவுக்கு வீட்டில் அந்தப் பெயர் இல்லை. பண்ணைப்புரத்து ராசையா 1976-ல் 'அன்னக்கிளி' மூலம்தான் இளையராஜா ஆனார். எழுதியவர் வாலி. அவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர். சமயபுரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டினால் வரும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன்! ஓவியர் மாலி மாதிரி வரவேண்டும் என்ற ஆசையில் வந்த பெயர் வாலி. ரங்கநாதர் ஊரில் ரங்கராஜன்களுக்கா பஞ்சம்? அங்கே வளர்ந்த இன்னொரு ரங்கராஜன்தான் மனைவி பெயரில் எழுதிய சுஜாதா.

ஆக, மூலத்தை உருவாக்கியவர்களும் புனைபெயர், மாற்றிப் பாடியவர்களும் புனைபெயர்.

புனைபெயர் என்றால் ஒளிந்துகொள்வது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரங்கராஜன் என்றதும் ஊர், கோயில், குடும்பம் எல்லாம் கூடவே வந்துவிடும். வாலி என்றால் பாட்டு மட்டும்தான் வரும். யோகி பி-யும் அப்படித்தான். பிறந்த பெயர் அப்பா அம்மா கொடுத்தது, இந்தப் பெயர் உழைத்துச் சம்பாதித்தது.

ஒரே ஒரு வருத்தம். ரீமிக்ஸுக்கு ஆடும் நம்மில் பலருக்கு வாலி பெயர் தெரியாது. பழைய பாட்டை ரசிக்கும் பெரியவர்களுக்கு டாக்டர் பர்னும் எம்சி ஜெஸ்ஸும் யாரென்று தெரியாது. சொந்தப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை நண்பர்களே, சம்பாதித்த பெயரையாவது தெரிந்துகொள்வோமே!