துப்பாக்கி ட்ரிகருக்கு மட்டும் 200 டாலரா... தேவையா?

அமெரிக்காவில் ஏஆர்-15 துப்பாக்கி வைத்திருக்கும் பலர், 200 டாலருக்கு மேல் கொடுத்து தனியா ஒரு ட்ரிகர் வாங்கி மாட்டுகிறார்கள். அப்படி என்னதான் இருக்கு அதுல?

சாதாரண ட்ரிகரை இழுக்க 2.5 முதல் 4 கிலோ வரை விசை வேணும். துப்பாக்கியின் எடையே சுமார் 3 கிலோதான்! இழுக்கும்போதே குறி அசைஞ்சிடும். கைஸ்லி போன்ற நிறுவனங்களின் ட்ரிகருக்கு 2 கிலோ போதும், சொரசொரப்பும் இருக்காது.

ஆனா துப்பாக்கியின் துல்லியம் குழலையும் தோட்டாவையும் பொறுத்தது. ட்ரிகர் சுடுபவரின் கைக்குத்தான் உதவும். போட்டிகளில் சுடுபவர்களுக்கு ஓகே. புதுசா பழகுறவங்க அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பயிற்சி எடுக்கலாம்.

வேட்டைக்காரர்கள் மட்டும் ஜாக்கிரதை: குளிரில் கையுறையோடு விரல் வைத்தால், ரொம்ப லேசான ட்ரிகர் நினைக்கும் முன்பே வெடிச்சிடும்.