ஒரே 0.5, இரண்டு அளவுகோல்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் ஒருவர் புது முறையில் இரண்டாம் மொழிச் சிங்களம் கற்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புது முறையில் படித்த வகுப்பும் பழைய முறையில் படித்த வகுப்பும் ஒரே சோதனையை எழுதுகின்றன. சராசரி வித்தியாசத்தை நியமவிலகலால் வகுத்தால் விளைவளவு 0.5 வருகிறது. இது பெரிதா, சிறிதா?

உளவியலாளர் ஜேக்கப் கோஹன் வகுத்த வரம்பில் 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது. அவர் நூலின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பைக் காட்டியே உலகெங்கும் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. லூக் பிளான்ஸ்கியும் ஃபிரெட் ஒஸ்வால்டும் 2014இல் வேறு வழியில் போனார்கள். இரண்டாம் மொழித் துறையின் 346 ஆய்வுகளையும் 91 தொகுப்பாய்வுகளையும் திரட்டி, இத்துறையில் உண்மையில் எவ்வளவு விளைவு கிடைத்துவருகிறது என்று பார்த்தார்கள். இரு குழுக்களை ஒப்பிட்டால் 0.4, 0.7, 1.0, ஒரே குழுவை முன்னும் பின்னும் சோதித்தால் 0.6, 1.0, 1.4 என்று வரம்புகளைப் பிரித்து வைத்தார்கள்.

ஆக, கோஹனிடம் நடுத்தரமாக நிற்கும் 0.5 இவர்களிடம் சிறிதுக்குச் சற்று மேல். அதே 0.5 முன்-பின் சோதனையில் வந்திருந்தால் சிறிது என்ற படியைக்கூட எட்டாது. இந்தப் பிரிப்பு மிக அவசியம். ஒரு தவணை கடந்தால் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் முன்னேறும். அதே வினாத்தாளை இரண்டாம் முறை பார்க்கும் பழக்கமும் புள்ளியைக் கூட்டும். அதையெல்லாம் புது முறையின் கணக்கில் எழுத முடியாது. வேறு ஆதாரம் இல்லாதபோது மட்டுமே தன் வரம்பைக் கைக்கொள்ளும்படி கோஹனே எச்சரித்திருந்தார். மொழித் துறைக்கென ஆதாரம் வந்துவிட்ட பிறகும் 0.2, 0.5, 0.8 என்று ஒப்புவிப்பது சோம்பல்.

என்றாலும் பிளான்ஸ்கி–ஒஸ்வால்ட் வரம்பை அப்படியே மலையகத்துக்கு ஏற்றிவருவதற்கும் நான் உடன்படமாட்டேன். அவர்கள் திரட்டிய ஆய்வுகளில் பல்கலைக்கழக மாணவர்களே அதிகம். விளைவு தெரிந்த ஆய்வுகளே எளிதில் அச்சேறுவதால் அந்த எண்கள் சற்று ஊதியும் இருக்கலாம்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. நுவரெலியா நகரப் பாடசாலையில் வசதியுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் கலந்திருப்பார்கள். நியமவிலகல் 15 புள்ளி என்று கொள்வோம். ஒரே தோட்டத்து லயங்களிலிருந்து வரும் வகுப்பில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பார்கள். அங்கே நியமவிலகல் 6. இரு இடத்திலும் புது முறையால் கிடைத்த உயர்வு அதே 6 புள்ளிதான். நகரத்தில் விளைவளவு 0.4, தோட்டத்தில் 1.0! தோட்டத்தில் கற்பித்தல் இரண்டரை மடங்கு பலித்தது என்று இதைப் படிப்பது தவறு. வெறும் சாக்கையும் சேர்த்து நிறுத்துவிட்டு அவ்வளவும் கொழுந்து என்று எழுதுவதைப் போன்றது அது. இரு இடத்துக்கும் பொதுவான நியமவிலகலால், உதாரணமாக மாகாணம் முழுவதற்குமான ஒன்றால், வகுத்தால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

சிறு வகுப்புகளின் கணக்கு இன்னும் கடினம். குழுவுக்கு 15 பேர் என்றால், 0.5க்கான 95 சதவீத நம்பிக்கை ஆயிடை ஏறத்தாழ -0.23 முதல் 1.23 வரை நீளும். புது முறை சற்றுக் கெடுத்திருக்கவும் கூடும், மிகப் பெரிய நன்மை செய்திருக்கவும் கூடும். 'பொருளுண்மை இல்லை' என்று சொல்லி முயற்சியை மூடிவிடுவதும், 'நடுத்தர விளைவு' என்று கொண்டாடுவதும் ஒரே அளவு அவசரம். அடுத்தடுத்த தோட்டங்களில் அதே சோதனையை நடத்தி முடிவுகளைச் சேர்த்தால் ஆயிடை சுருங்கும்.

0.3 என்றால் உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கும் ஒன்று. ஹட்டன் நகரத்துப் பிள்ளைக்குக் கடைவீதியிலும் பஸ்ஸிலும் சிங்களம் காதில் விழுகிறது. உள்தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பாடவேளைதான் எல்லாம். கூடுதல் ஆசிரியரோ செலவோ இல்லாமல், இருக்கும் பாடவேளைக்குள்ளேயே கிடைத்த 0.3ஐ, மேலதிக வகுப்புகள் வைத்துப் பெற்ற 0.7க்கு மேலாகவே நான் மதிப்பேன். எந்த அளவுகோலும் செலவைக் கேட்பதில்லை.

பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயில்வோர் சிறு ஆய்வொன்றை எழுதும்போது சிறிது, பெரிது என்ற அடைமொழியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கட்டும். குழுவில் எத்தனை பேர், இரு குழுக்களின் சராசரி, நியமவிலகல், எத்தனை புள்ளி வித்தியாசம், எந்த நியமவிலகலால் வகுத்தார்கள், ஆயிடை எவ்வளவு என்பதெல்லாம் முதல் அட்டவணையிலேயே வரட்டும். நாளை இன்னொருவர் தலவாக்கலையில் அதே முறையைச் சோதித்தால், இரண்டு முடிவுகளையும் சேர்த்துக் கணக்கிட இந்த எண்கள் வேண்டும்.