முன்னங்காலும் முன்பாரமும்

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த கோலாலம்பூரை, மறுஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டு எழுப்பச் செய்தபோது, இன்றும் பிரிக்பீல்ட்ஸ் என்று வழங்கும் பகுதியில் சூளைகள் பெருகின. அங்கே சுட்ட கல்லை நகருக்குள் கொண்டுசேர்த்தது மாட்டு வண்டி. கிள்ளான் ஆற்றின் டாமன்சாரா துறையில் இறங்கிய சரக்கும் சாலைவழியே வண்டியில்தான் நகரை அடைந்தது. 1886இல் புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்ட பின்னரும், நிலையத்திலிருந்து கடைவாசல் வரையிலான பாரம் தமிழரும் பஞ்சாபியரும் ஓட்டிய வண்டிகளுக்கே உரியதாக இருந்தது.

அந்தப் பாரத்தைத் தாங்கிய உறுப்பு மாட்டின் முன்னங்கால். மனிதனின் கையை மார்போடு பிணைக்கும் காறையெலும்பு மாட்டுக்கு இல்லை. தோள்பட்டை எலும்பும் விலாவோடு மூட்டால் இணையாமல் தசைகளாலேயே கட்டப்பட்டிருப்பதால், உடல் இரு முன்னங்கால்களுக்கிடையே தூளியில் இட்டதுபோல் தொங்குகிறது. முன்னங்காலின் முழங்கால் என்று சொல்லப்படும் இடம் உண்மையில் நமது மணிக்கட்டுக்கு ஒப்பானது. பிளந்த குளம்பின் இரு பகுதிகளும் நமது நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நேரானவை. தலையும் கழுத்தும் முன்னே இருப்பதால், வெறுமனே நிற்கும் மாட்டின் எடையிலேயே பாதிக்கு மேல் இந்த விரல்நுனிகளில்தான் இறங்குகிறது.

உடற்கூற்று நூல் எதையும் படிக்காமலேயே வண்டிக்காரர் இதை நன்கு அறிந்திருந்தார். இரு சக்கர வண்டியில் அச்சுக்கு முன்னே சரக்கு மிகுந்தால் அது முன்பாரம்: எடை ஏர்க்கால் வழியாக நுகத்தடிக்கும், திமிலுக்கு முன்னுள்ள கழுத்துக்கும், அங்கிருந்து முன்னங்கால்களுக்கும் இறங்கும். பின்னே மிகுந்தால் பின்பாரம். அப்போது நுகத்தடி மேலெழும்பி, கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஏற்றத்தில் பாரம் பின்வாங்கும், இறக்கத்தில் முன்தள்ளும் என்பதால், மேடுபள்ளம் நிறைந்த வழியை எண்ணிப் பார்த்தே மூட்டைகளை அடுக்க வேண்டும். இது உண்மையில் பெரும் தொழிலறிவு. லாடமும் அத்தகையதே: குதிரைக்குக் காலுக்கு ஒன்று போதும், குளம்பு பிளந்த மாட்டுக்குக் காலுக்கு இரண்டு வேண்டும், அதுவும் மாட்டைக் கயிற்றால் சாய்த்துப் படுக்கவைத்தே அடிக்க வேண்டும்.

லாரிகள் பெருகியதும் வண்டிகள் மறைந்தன. ஆயினும் 1873இல் நிறுவப்பட்ட கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து தைப்பூசத்தையொட்டிப் பத்துமலைக்குப் புறப்படும் தேரைக் காளைகள் இழுத்துவரும் வழக்கம் அதற்குப் பின்னும் நீடித்தது. 1983இல் மரத்தேருக்குப் பதிலாக வெள்ளித்தேர் வந்தபோதும், தார்ச்சாலையில் அந்தப் பாரத்தின் முன்னே நடந்தவை அதே பிளந்த குளம்புகள்தாம்.