கேப்புக்குள்ள ஒரு டீம்: என்எஃப்எல் சம்பள உச்சவரம்பின் கதை

இன்னைக்கு ஃபுட்பால் பத்திப் பேசப் போறோம். மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுற ஃபுட்பால் இல்லைங்க. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் மோதுவாங்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பால். ரூல்ஸ் தெரியலைன்னா கவலைப்படாதீங்க. ஸ்கோரை விட கணக்குதான் இன்னைக்கு நமக்கு முக்கியம்.

1994 ஜூன். நியூயார்க் ஜெயன்ட்ஸ் டீமோட குவார்ட்டர்பேக் ஃபில் சிம்ஸ். 1979-லேர்ந்து ஒரே டீம். 1987-ல அந்த டீமுக்கு முதல் சூப்பர் பவுல் ஜெயிச்சுக் கொடுத்து, அந்த மேட்ச்சோட சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினவர். 1993 சீசன்ல டீமை பிளேஆஃப் வரைக்கும் கொண்டு போனார். சீசன் முடிஞ்சதும் தோள்ல ஆபரேஷன், வயசும் நாப்பதை நெருங்கிட்டிருந்தது. அந்த ஜூன் மாசம் டீம் அவரை வெளியே அனுப்பிடுச்சு. வயசும் தோளும் ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய காரணம் வேற. அந்த வருஷம்தான் முதல்முறையா ஒரு டீம் மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம்னு ஒரு கோடு போட்டாங்க. அவரோட சம்பளம் அந்தக் கோட்டுக்குள்ள அடங்கல.

அந்தக் கோட்டுக்குப் பேரு சேலரி கேப். ஐபிஎல் ஏலத்துல ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பர்ஸ் இருக்கும்ல, 2025 சீசனுக்கு 120 கோடி ரூபாய்னு வெச்சாங்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. 1994-ல என்எஃப்எல் டீம் ஒவ்வொண்ணுக்கும் வெச்ச தொகை 3.46 கோடி டாலர். 2025-ல அது 27.92 கோடி டாலர். முப்பத்தோரு வருஷத்துல எட்டு மடங்கு.

பொதுவா நாம என்ன நினைப்போம்? முதலாளிங்க செலவைக் குறைக்கக் கொண்டு வந்த ரூல், ஆட்டக்காரங்க தலையில கட்டிட்டாங்கன்னு. பாதி உண்மை. மீதிப் பாதி என்னன்னா, ஆட்டக்காரங்களும் அதுல கையெழுத்துப் போட்டாங்க. ஏன் போட்டாங்கங்கிறதுதான் இந்த எபிசோட்.

வேலையை விட்டுப் போக முடியாத வேலை

இன்னைக்கு ஐடி கம்பெனியில நோட்டீஸ் பீரியட் மூணு மாசம்னாலே நாம புலம்புறோம். 1960-கள்ல என்எஃப்எல் ஆட்டக்காரர் நிலைமையைக் கேளுங்க. காண்ட்ராக்ட் முடிஞ்சாலும் இன்னொரு டீமுக்குப் போறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 1963-ல வந்த ரூலுக்கு, அப்போதைய கமிஷனர் பீட் ரோஸெல் பேரை வெச்சு 'ரோஸெல் ரூல்'னு பேரு. ஒருத்தரை எடுக்குற புது டீம், பழைய டீமுக்கு நஷ்டஈடு கொடுக்கணும். ரெண்டு டீமும் ஒத்துப் போகலைன்னா, என்ன கொடுக்கணும்னு கமிஷனரே முடிவு பண்ணுவார். உங்க டீம்லேர்ந்து யாரை வேணும்னாலும் தூக்கிக் கொடுத்துடலாம். பில் எவ்வளவு வரும்னே தெரியாத கடைக்குள்ள யார் போவாங்க? பெரும்பாலும் யாரும் யாரையும் எடுக்கல.

இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர் பால்டிமோர் கோல்ட்ஸ் டீமோட ஜான் மேக்கி. ஆட்டக்காரர் சங்கத் தலைவராவும் இருந்தவர். 1976-ல மேல்முறையீட்டுக் கோர்ட் அந்த ரூல் சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு. ஆனா 1977 ஒப்பந்தத்துல, கோர்ட்ல ஜெயிச்சதுல பெரும்பகுதியைச் சங்கம் பேச்சுவார்த்தையில திருப்பிக் கொடுத்துடுச்சு. நஷ்டஈடு வேற வடிவத்துல திரும்ப வந்தது. நிலைமை பெருசா மாறல.

1982-ல ஸ்ட்ரைக். 57 நாள். சங்கம் கேட்டது, லீக்கோட மொத்த வருமானத்துல 55 சதவீதம் ஆட்டக்காரங்களுக்கு. முதலாளிங்க சுத்தமா மறுத்துட்டாங்க. இந்த சதவீதம்ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

1987-ல மறுபடி ஸ்ட்ரைக். இந்த முறை முதலாளிங்க வெளியிலேர்ந்து ஆள் எடுத்து மூணு வாரம் மேட்ச் நடத்தினாங்க. டிவியில ஓடுச்சு, டிக்கெட்டும் வித்துச்சு. 24 நாள்ல ஆட்டக்காரங்க வெறும் கையோட திரும்பினாங்க. அந்தப் பேச்சுவார்த்தையில டல்லாஸ் கவ்பாய்ஸ் தலைவர் டெக்ஸ் ஷ்ராம், சங்கத் தலைவர் ஜீன் அப்ஷாவைப் பார்த்து, நாங்க பண்ணைக்காரங்க, நீங்க மாடுங்கங்கிற அர்த்தத்துல பேசினதா இன்னைக்கும் சொல்றாங்க.

சங்கமே இல்லைன்னு சொன்ன சங்கம்

ஸ்ட்ரைக் தோத்ததும் சங்கம் மறுபடி கோர்ட்டுக்குப் போச்சு. அங்க ஒரு விநோதமான சிக்கல். 1989-ல மேல்முறையீட்டுக் கோர்ட் சொன்னதோட சாரம் இதுதான்: உங்களுக்குச் சங்கம் இருக்கு, பேரம் பேசுற உரிமை இருக்கு, அதனால போட்டிச் சட்டத்தை வெச்சு லீக் மேல கேஸ் போட முடியாது.

அப்ஷாவும் அவர் ஆளுங்களும் என்ன பண்ணாங்க தெரியுமா? சங்கத்தையே கலைச்சுட்டாங்க! இனிமே நாங்க யாருக்காகவும் பேரம் பேச மாட்டோம்னு அறிவிச்சுட்டாங்க. சங்கம் இல்லைன்னா லீக்குக்கு அந்தப் பாதுகாப்பும் இல்ல. கோட்ல ஒரு கண்டிஷன் உங்களைத் தடுக்குதுன்னா, அந்த கண்டிஷன் செக் பண்ற வேரியபிளையே தூக்குறது மாதிரி.

அப்புறம் நியூயார்க் ஜெட்ஸ் ஆட்டக்காரர் ஃப்ரீமன் மெக்நீல் உட்பட எட்டு பேர் கேஸ் போட்டாங்க. அப்போ இருந்தது 'பிளான் பி'ன்னு ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு டீமும் 37 பேரைப் பிடிச்சு வெச்சுக்கலாம், மத்தவங்க வேணும்னா போகலாம். அதாவது யாருக்கு மார்க்கெட்ல மதிப்பே இல்லையோ அவங்களுக்கு மட்டும் சுதந்திரம். 1992 செப்டம்பர்ல மினியாபொலிஸ் ஜூரி அது சட்டவிரோதம்னு தீர்ப்பு சொன்னது. அடுத்து ரெஜி வைட் பேர்ல எல்லா ஆட்டக்காரங்களுக்குமான ஒரு கேஸ். தோல்வி எங்கே போய் நிக்கும்னு முதலாளிங்களுக்குப் புரிஞ்சுடுச்சு. 1993-ல சமரசம்.

சமரசத்துல ரெண்டு பக்கமும் என்ன கொடுத்தாங்கன்னு பாருங்க. காண்ட்ராக்ட் முடிஞ்ச அனுபவசாலி ஆட்டக்காரர் எங்க வேணும்னாலும் போகலாம். பதிலுக்கு, மொத்தச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு. அந்த வரம்பு எப்படி முடிவாகும்? லீக்கோட குறிப்பிட்ட வருமானத்துல 64 சதவீதம்.

ஆமா, சதவீதம்! 1982-ல 57 நாள் ஸ்ட்ரைக் பண்ணியும் கிடைக்காத விஷயம் கேப்ங்கிற பேர்ல வந்து சேர்ந்தது. லீக் வளர்ந்தா சம்பளமும் வளரும். ஆனா ஒரு விலை இருந்துச்சு. ஒரு ஆட்டக்காரருக்கு ஏறுற ஒவ்வொரு டாலரும் அதே டீம்ல இருக்குற இன்னொருத்தரோட இடத்துலேர்ந்துதான் வரணும். ரெஜி வைட் 1993 ஏப்ரல்ல கிரீன் பேக்கு நாலு வருஷம், 1.7 கோடி டாலருக்குப் போனார். அடுத்த வருஷம் ஃபில் சிம்ஸ் வெளியே போனார். ரெண்டுக்கும் ஒரே ஒப்பந்தம்தான் காரணம்.

இஎம்ஐ-ல வாங்கின சூப்பர் பவுல்

ரூல் வந்தாச்சுன்னா அடுத்து என்ன, ஓட்டை தேடுறதுதானே!

பெரிய ஓட்டை 'சைனிங் போனஸ்'. ஒருத்தருக்கு நாலு வருஷ காண்ட்ராக்ட், கையெழுத்துப் போட்டதும் 2 கோடி டாலர் போனஸ்னு வெச்சுக்கோங்க. பணம் முதல் நாளே அவர் கைக்குப் போயிடும். ஆனா கேப் கணக்குல வருஷத்துக்கு 50 லட்சமா நாலு வருஷத்துக்குப் பிரிச்சுக்கலாம். கிரெடிட் கார்டுல போன் வாங்கி இஎம்ஐ-யா மாத்துறோமே, அதேதான்.

ரெண்டு வருஷத்துல அவரை வெளியே அனுப்பிட்டா? மிச்சம் இருக்குற 1 கோடியும் சேர்ந்து மொத்தமா உங்க கணக்குல வந்து விழும். ஆள் இல்ல, ஆனா அவருக்கான இடம் கேப்ல அடைபட்டுக் கிடக்கும். இதுக்குப் பேரு 'டெட் மணி', செத்த பணம். ஜூன் 1-க்கு அப்புறம் அனுப்பினா அந்தச் சுமையை ரெண்டு வருஷத்துக்குப் பிரிச்சுக்கலாம். நம்ம டெக்னிக்கல் டெட் மாதிரியேதான். ரிலீஸ் தேதிக்காக இன்னைக்கு ஒரு ஷார்ட்கட் எடுப்போம், ரெண்டு வருஷம் கழிச்சு வேற யாரோ உட்கார்ந்து அதைச் சரி பண்ணுவாங்க.

இதை முதல்ல பெரிய அளவுல ஆடிக் காட்டினது சான் ஃபிரான்சிஸ்கோ 49ஸ். அதுக்கு முந்தைய ரெண்டு வருஷமும் சூப்பர் பவுல் ஜெயிச்ச டல்லாஸை எப்படியாவது தாண்டணும். டீம் தலைவர் கார்மன் பாலிசி, பழைய ஆட்டக்காரங்க காண்ட்ராக்ட்டைத் திருத்தி எழுதி இடம் உண்டாக்கினார். டல்லாஸ்லேர்ந்தே கென் நார்ட்டனைக் கூட்டிட்டு வந்தாங்க. சீசன் ஆரம்பிச்ச பிறகு டியான் சாண்டர்ஸும் வந்தார், ஒரே ஒரு வருஷ காண்ட்ராக்ட்ல. 1995 ஜனவரி, சூப்பர் பவுல்ல சான் டியேகோவை 49-26-ன்னு அடிச்சாங்க. ஸ்டீவ் யங் ஆறு டச்டவுன் பாஸ் போட்டார்.

அடுத்த சீசன் சாண்டர்ஸ் டல்லாஸ் போயிட்டார். ஏழு வருஷம், 3.5 கோடி டாலர். அதுல கிட்டத்தட்ட 1.3 கோடி சைனிங் போனஸ். இவ்வளவு பெரிய போனஸை நீட்டி ஒளிச்சதுல லீக்கே கடுப்பாகி, அதுக்கப்புறம் ரூலை இறுக்கினாங்க.

49ஸ் கதைக்கு வருவோம். தள்ளிப் போட்ட பில் ஒரு நாள் வரணும்ல? 1983-லேர்ந்து 1998 வரைக்கும் தொடர்ந்து 16 சீசன், ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது 10 மேட்ச் ஜெயிச்ச டீம் அது. 1999-ல 4 வெற்றி, 12 தோல்வி. 2000 டிசம்பர்ல இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. கேப் கணக்குல காட்டாத ஒப்பந்தங்கள் இருந்ததுன்னு லீக் சொல்லி, பாலிசிக்கு 4 லட்சம் டாலர், மேனேஜரா இருந்த ட்வைட் கிளார்க்குக்கு 2 லட்சம் டாலர் அபராதம் போட்டாங்க. டீமுக்கும் அபராதம், டிராஃப்ட் வாய்ப்புலயும் வெட்டு. டென்வர் பிரான்கோஸும் 90-கள்ல ஆட்டக்காரங்களுக்குத் தள்ளி வெச்ச பணத்துக்காகப் பின்னாடி ரெண்டு தடவை அபராதம் கட்டினாங்க.

ஒரே ஆள், ரெண்டு பக்கம்

2011-ல புது ஒப்பந்தம் போட்டப்போ புதுசா வர்ற ஆட்டக்காரங்க சம்பளத்துக்கும் தனியா ஒரு கட்டுப்பாடு வந்தது. 2010 டிராஃப்ட்ல முதல் ஆள் சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம். அடுத்த வருஷம் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு மொத்த காண்ட்ராக்டே சுமார் 2.2 கோடி. அன்னைக்கு ஒப்பந்தம் பேசுன இடத்துல காலேஜ் பசங்க யாரும் இல்ல. இல்லாதவங்க பங்கை வெட்டுறது எப்பவுமே சுலபம்.

இதோட விளைவு ரஸ்ஸல் வில்சன்ங்கிற ஒரே ஆள் வாழ்க்கையில தெரியும். 2012-ல மூணாவது ரவுண்டுல சியாட்டில் எடுத்தாங்க. 2013 சீசன்ல கேப் கணக்குல அவர் விலை 7 லட்சம் டாலருக்கும் கம்மி. மிச்சமான இடத்துல ஒரு முரட்டு டிஃபென்ஸைக் கட்டினாங்க. 2014 பிப்ரவரி சூப்பர் பவுல்ல 43-8-ன்னு ஜெயிச்சாங்க. எதிரணி? டென்வர் பிரான்கோஸ்.

எட்டு வருஷம் கழிச்சு அதே டென்வர் அவரை வாங்கி, 24 கோடி டாலருக்கு மேல புது காண்ட்ராக்ட் போட்டது. சரியா வரல. 2024 மார்ச்ல வெளியே அனுப்பினாங்க. செத்த பணம் 8.5 கோடி டாலர், ரெண்டு வருஷத்துக்குப் பிரிச்சு. அந்த சீசன் அவர் பிட்ஸ்பர்க்ல குறைந்தபட்சச் சம்பளத்துல ஆடினார், மீதியைக் கட்டினது டென்வர். அவ்வளவு சுமையோட டென்வர் அந்த வருஷம் பிளேஆஃப் போனது எப்படி? போ நிக்ஸ்னு ஒரு புதுப் பையனை குவார்ட்டர்பேக்கா போட்டு, குறைஞ்ச சம்பளத்துல! சியாட்டில் ஒரு காலத்துல வில்சனை வெச்சுப் போட்ட அதே கணக்கு.

யாருக்கான கேப்?

சின்ன ஊரு, பெரிய ஊருன்னு பார்க்காம எல்லா டீமுக்கும் சம வாய்ப்புங்கிறது லீக் சொல்ற காரணம். அதுல உண்மை இருக்கு. கிரீன் பே மாதிரி சின்ன ஊரு டீம் இன்னைக்கும் போட்டியில இருக்கு.

ஆனா 2010-ஐ மறந்துடக் கூடாது. பழைய ஒப்பந்தத்தோட கடைசி வருஷம், அப்போ கேப்பே கிடையாது. டல்லாஸும் வாஷிங்டனும் காண்ட்ராக்ட் பணத்தை அந்த வருஷத்துல கொண்டு போய்க் கொட்டினாங்க. 2012-ல லீக் என்ன பண்ணுச்சு? வாஷிங்டனுக்கு 3.6 கோடி டாலர், டல்லாஸுக்கு 1 கோடி டாலர் கேப் இடத்தைப் பிடுங்கினாங்க. வரம்பே இல்லாத வருஷத்துல வரம்பு மீறினதுக்குத் தண்டனை! அப்போ ரூல் புக்ல எழுதாத ஒரு வரம்பும் முதலாளிங்களுக்குள்ள இருந்திருக்குன்னுதானே நமக்குத் தோணும்?

ஆட்டக்காரர் பக்கமும் யோசிங்க. பெரும்பாலான காண்ட்ராக்ட்ல தலைப்புல வர்ற தொகை முழுசும் உத்தரவாதம் கிடையாது. முட்டி போச்சுன்னா மீதி போச்சு. முதல் கேஸை ஜெயிச்ச ஜான் மேக்கி கடைசி வருஷங்கள்ல டிமென்ஷியாவோட வாழ்ந்து 2011-ல இறந்தார். டிமென்ஷியா வந்த பழைய ஆட்டக்காரங்களுக்கான உதவித் திட்டத்துக்கு அவரோட ஜெர்சி நம்பரை வெச்சு '88 பிளான்'னு பேரு. உடம்பை வெச்சுச் சம்பாதிக்கிற சில வருஷத்துக்குள்ள எவ்வளவு, யாருகிட்டன்னு முடிவு பண்ற உரிமைக்காகத்தான் அந்தச் சண்டை. அது பாதிதான் கிடைச்சது. அந்தப் பாதியும் சும்மா வரல. பல வருஷக் கேஸும் ஸ்ட்ரைக்குகளும் தேவைப்பட்டுச்சு.

அதனால அடுத்த தடவை '25 கோடி டாலர் காண்ட்ராக்ட்'னு ஒரு தலைப்பு பார்த்தீங்கன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. அதுல உத்தரவாதம் எவ்வளவு? அந்த இடத்துக்காக அதே டீம்லேர்ந்து யார் வெளியே போனாங்க?

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.