திருவனந்தபுரத்தில் வீகனாக வாழ முடியுமா? மீனை விட மோரைக் கவனியுங்கள்

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை கிடைத்து திருவனந்தபுரத்துக்குக் குடிபோகும் தமிழ் இளைஞர்களுக்கு மொழி பெரிய தடையல்ல. நாகர்கோவில் சுமார் 70 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் நீங்கள் வீகன் என்றால், அதோடு உணவைப் பற்றி எழுதுபவரும் என்றால், முதல் வாரமே ஒரு கேள்வி வரும்: "மீன் கறி இல்லாத ஊணே கிடையாதா?"

கேள்வி நியாயமானது. ஆனால் வீகனுக்கு இந்த ஊரில் உண்மையான சிக்கல் மீன் அல்ல. ஏன் என்று பார்க்கலாம்.

வீகன் என்றால் சைவம்தானே?

இல்லை. சைவ உணவில் பால், தயிர், நெய், தேன் எல்லாம் உண்டு. வீகன் உணவில் விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லை. தமிழில் இதை 'நனிசைவம்' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் டீக்கடையில் அந்தச் சொல் எடுபடாது.

1944-ல் பிரிட்டனில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் சேர்ந்து வீகன் சொசைட்டியைத் தொடங்கியபோது உருவான சொல்தான் வீகன். உலக வீகன் தினம் நவம்பர் 1. கேரள மாநிலம் பிறந்த நாளும் அதே நவம்பர் 1 தான் (1956). அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுடன் இணைந்தது. தீயலும் அவியலும் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மணப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

தரவு என்ன சொல்கிறது?

பதிவாளர் தலைமை ஆணையரகம் 2014-ல் எடுத்த மாதிரிப் பதிவு அடிப்படை ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்கள் கேரளத்தில் 3%. தமிழ்நாட்டில் 2.35%. ராஜஸ்தானில் 74.9%.

அதாவது, 'அசைவ மாநிலத்துக்கு'ப் போகிறோம் என்று பயப்படும் தமிழர் அதைவிட அசைவமான மாநிலத்திலிருந்துதான் கிளம்புகிறார். வீகன்கள் எத்தனை பேர் என்று அந்த ஆய்வு கேட்கவில்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு செலவில் என்பதில். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில் முட்டை, மீன், இறைச்சிக்குச் செலவிடும் பங்கில் கேரளம் நாட்டிலேயே முன்னணியில் இருந்தது: உணவுச் செலவில் கிராமங்களில் 23.5%, நகரங்களில் 19.8%. தமிழ்நாட்டில் மிகப் பெரிய பங்கை எடுத்துக்கொண்டது வேறு இனம்: பானங்கள், பதப்படுத்திய உணவு. மீன் நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை விஷயம் என்றால் இங்கே அன்றாடம். சாதாரண ஹோட்டலில் ஊணு கேட்டால், சாம்பாரோடு மீன்சாறும் கேட்காமலே வருவது அதனால்தான்.

அப்படியென்றால் 'ப்யூர் வெஜ்' ஹோட்டலுக்குப் போனால் போதுமா?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சைவ ஹோட்டலில் மீன் இருக்காது. ஆனால் நெய் ரோஸ்ட், பருப்பின் மேல் நெய், புளிசேரி, காளன், பச்சடி, கிச்சடி, மோர், பாயசம் என்று பால் பொருட்கள் இலை முழுக்க இருக்கும். மாறாக, 'நான்-வெஜ்' பலகை தொங்கும் சின்னக் கடையில் காலையில் கிடைக்கும் புட்டும் கடலக்கறியும் பெரும்பாலும் அப்படியே வீகன்: அரிசி மாவு, தேங்காய், கொண்டைக்கடலை, தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான்.

காரணம் எளிது. வட இந்தியச் சமையலில் பாலும் நெய்யும் செய்யும் வேலையை இங்கே தேங்காய்ப்பாலும் தேங்காய் எண்ணெயும் செய்கின்றன. மீன் கண்ணுக்குத் தெரியும்; ஒதுக்கிவிடலாம். தயிரும் நெய்யும் குழம்புக்குள் கரைந்திருக்கும். கேட்டால்தான் தெரியும்.

எதைச் சாப்பிடலாம், எதைக் கேட்க வேண்டும்?

பெரும்பாலும் சரி:
- புட்டு–பயறு–பப்படம் (இது திருவனந்தபுரத்தின் அடையாளக் காலை உணவு), கடலக்கறி
- இடியாப்பம், ஆப்பம் (கூட வரும் 'முட்டக்கறி'யைக் கவனிக்கவும்)
- தோரன், மெழுக்குபுரட்டி, ஓலன், எரிசேரி, உள்ளித் தீயல், இஞ்சிக்கறி
- கப்பையும் உள்ளிச் சம்மந்தியும், சக்கைப் புழுக்கு
- பழம்பொரி, சுகியன், பரிப்பு வடை, தேங்காய் எண்ணெயில் வறுத்த நேந்திரம் சிப்ஸ்

கேட்டுச் சாப்பிட வேண்டியவை:
- அவியல்: சிலர் தயிர் சேர்ப்பார்கள், சிலர் மாங்காய் அல்லது புளி
- அடைப்பிரதமன்: வெல்லம், தேங்காய்ப்பால் சரி, அடையையும் முந்திரியையும் நெய்யில் வறுத்திருக்கலாம்
- பரோட்டா: மாவில் பால் அல்லது முட்டை இருக்கலாம்
- சம்மந்திப்பொடி: உலர்ந்த செம்மீன் (இறால்) சேர்த்த வகையும் உண்டு
- பேக்கரியின் 'வெஜ் பஃப்ஸ்': மடிப்புக்குள் வெண்ணெய் இருக்கலாம்

கேட்கவே வேண்டாம், வீகன் இல்லை: காளன், புளிசேரி, பச்சடி, கிச்சடி, சம்பாரம், நெய்யப்பம், பால்பாயசம். இந்த ஊர் கல்யாணங்களில் போளியோடு பால்பாயசம் ஊற்றித் தருவார்கள். அதை எப்படி மறுப்பது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

"ஐயாம் வீகன்" என்றால் சிரிப்பார்கள். பொருளைச் சொல்லிக் கேளுங்கள்:

- "பால் வேண்ட, நெய்யு வேண்ட"
- "தைரு சேர்த்திட்டுண்டோ?" (தயிர் சேர்த்திருக்கிறதா?)
- "மீன்சாறு ஒழிக்கண்ட" (மீன் குழம்பு ஊற்ற வேண்டாம்)
- "ஒரு கட்டன் சாய" (பாலில்லாத டீ)

சில சொற்கள் தமிழர்களைக் குழப்பும். 'ஒழிக்க' என்றால் ஊற்றுவது. யாரும் எதையும் ஒழித்துக்கட்டவில்லை. நம் ஊரில் 'கறி' என்றாலே இறைச்சி. இங்கே கறி என்றால் குழம்பு, பச்சக்கறி என்றால் காய்கறி. இறைச்சிக்கு 'இறச்சி'. 'வெள்ளம்' என்றால் குடிக்கும் தண்ணீர். 'கடல' என்றால் கொண்டைக்கடலை. நம் நிலக்கடலை இங்கே 'கப்பலண்டி'.

ஏன் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கவனம்?

'சைவம்' என்ற சொல் நம் ஊரில் வெறும் உணவுச் சொல் அல்ல. வாடகை வீட்டுக்கு "சைவம் மட்டும்" என்று பலகை வைத்தால் அது சாதியையும் மதத்தையும் சேர்த்தே கேட்கிறது. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் 'பிராமணாள்' பெயர்ப்பலகையை எதிர்த்து 1957-ல் பெரியார் போராட்டம் நடத்தியது நினைவிருக்கலாம். ஹோட்டல் பலகைக்கும் சாதிக்கும் அவ்வளவு நெருக்கம் இருந்தது.

அதனால், மீன் சாப்பிடும் சக ஊழியரின் பக்கத்தில் உட்கார்ந்து "நான் அதெல்லாம் தொடமாட்டேன்" என்று சொல்வதற்கும் "நான் பாலும் சேர்ப்பதில்லை" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது அவரை விலக்குகிறது. இரண்டாவது உங்கள் தேர்வை மட்டும் சொல்கிறது. கடலோர ஊரில் மீன் பலரின் பிழைப்பும்கூட. புதிய ஊரில் நண்பர்கள் கிடைப்பது இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே சமைக்க என்ன கிடைக்கும்?

பி.ஜி. தேடும்போது வைஃபைக்கு முன்னால் சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள். பருப்பு, மசாலா, வெல்லத்துக்குச் சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த சந்தை இது. தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன் கடை நடத்தியதும், 'கடைத்தெருக் கதைகள்' பிறந்ததும் இங்கேதான். காய்கறிக்குப் பாளையம் கன்னிமரா சந்தையும் உண்டு.

கிழங்கு வகைகளை விடாதீர்கள். திருவிதாங்கூரில் மரவள்ளியைப் பரப்பியவர் 1880-களின் மகாராஜா விசாகம் திருநாள். இன்று அந்த மரபின் தொடர்ச்சியாக, கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் (1963) இயங்குகிறது. பலாப்பழம் 2018 முதல் கேரளத்தின் மாநிலப் பழம். இடிச்சக்கைத் தோரன் சாப்பிட்டவருக்குப் பாக்கெட்டில் வரும் 'போலி இறைச்சி' தேவைப்படாது.

செலவு? 2025 நடுவில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. எனவே பட்ஜெட்டில் அதற்குத் தனி வரி போடுங்கள். விலை ஒப்பிட அரசின் சப்ளைகோ கடைகளை எட்டிப் பாருங்கள்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகனா?

இல்லை. பச்சைப் புள்ளி சைவத்தை மட்டுமே குறிக்கிறது. விதிகளின்படி பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவை 'அசைவம்' என்ற வரையறைக்குள் வராது. வீகனுக்குத் தனிச் சின்னம் உண்டு: பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் அதன்மேல் ஓர் இலையும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-ல் வெளியிட்ட வீகன் உணவு விதிகளின்படி, மூலப்பொருளில் மட்டுமல்ல, தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் விலங்குப் பொருள் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

இந்தச் சின்னம் பாக்கெட்டுக்குத்தான். தோசைக்கல்லில் ஒட்ட முடியாது. ஹோட்டலில் உங்கள் கேள்விதான் சின்னம். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் வீகன் சின்னத்தோடு நிறுத்தாமல் ஒவ்வாமை எச்சரிக்கை வரியையும் படிக்க வேண்டும்.

உடம்புக்கு என்ன கவனம்?

முக்கியமானது வைட்டமின் பி12. தாவர உணவில் இது நம்பத்தகுந்த அளவில் கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. கல்லீரலில் இருப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரிய வருடக்கணக்கில் ஆகலாம், அதுதான் ஆபத்து. சோர்வு, கை கால் மரத்துப்போதல், மறதி ஆகியவற்றை 'வேலை டென்ஷன்' என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்பைருலினா இதற்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் முடிவு செய்யுங்கள்.

ஃபுட் பிளாகர்களுக்கு என்ன விதி?

ஹோட்டல் இலவசமாகச் சாப்பாடு போட்டால்கூட அது வணிகத் தொடர்புதான். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பணம், பரிசு, தள்ளுபடி, இலவசப் பொருள் எதுவானாலும் பதிவிலேயே, பதிவின் அதே மொழியில், தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் 'விளம்பரம்' என்று தமிழிலேயே போட வேண்டும். வீடியோ என்றால் காட்சியிலும் ஒலியிலும் வர வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. உடல்நல நிபுணர் போலப் பேசுபவர்களுக்கு 2023 ஆகஸ்டில் கூடுதல் விதிகளும் வந்தன.

வரி விஷயமும் உண்டு. ஒரு நிறுவனம் தரும் பொருள், சலுகைகளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% வரிப் பிடித்தம் என்ற விதி 2022 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தைத் தாண்டிய பொறுப்பு ஒன்றும் இருக்கிறது. "இந்தக் கடை வீகன்" என்று நீங்கள் எழுதுவதை நம்பி, பால் ஒவ்வாமை உள்ள ஒருவர் அங்கே சாப்பிடலாம். எனவே கடையை அல்ல, உணவைக் குறிப்பிடுங்கள். ஒரு சின்ன எக்செல் போதும்: தேதி, கடை, உணவு, எண்ணெய், தயிர்/நெய் உண்டா, யாரிடம் கேட்டது. சமையல்காரர் மாறினால் செய்முறையும் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள்.

ஊரோடு எப்படி ஒட்டுவது?

மாசியில் வரும் ஆற்றுகால் பொங்காலையைத் தவறவிடாதீர்கள். கண்ணகி கதையோடு இணைத்துப் பேசப்படும் கோயில் அது. லட்சக்கணக்கான பெண்கள் சாலையோரத்தில் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள். 2009-ல் 25 லட்சம் பேர் என்று கின்னஸில் பதிவானது. பானைக்குள் பெரும்பாலும் அரிசி, வெல்லம், தேங்காய். சிலர் நெய்யும் சேர்ப்பார்கள்.

யாராவது ஓர் அக்கா இலையில் வைத்து நீட்டினால் என்ன கேட்க வேண்டும் என்று இப்போது தெரியும்: "சேச்சி, நெய்யு சேர்த்திட்டுண்டோ?"